மெர்சி அக்கா வைத்த பிழைகள்

மெர்சி அக்கா இறந்த செய்திக்கு நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். காலை பதினோரு மணி இருக்கும். விக்கிரமசிங்கபுரத்தில் என் டிவி ரிப்பேர் கடையில், ஒரு டிவியின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் சத்தம் கொடுத்தது. அக்காவின் எண்ணிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு கோப்பு வந்திருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை அவரிடமிருந்து அப்படி ஒரு கோப்பு வருவதும், நாங்கள் ஆளுக்கு ஒரு கட்டைவிரல் போடுவதும் வழக்கம். அன்றும் கை தானாகப் போட்டுவிட்டது. எனக்கு முன்னால் இன்னொருவர் போட்டிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து நிமிடத்தில் காயல்பட்டினத்திலிருந்து சதக்கு காக்கா அழைத்தார். அண்ணனை அந்த ஊரில் காக்கா என்பார்கள். "கணபதி, அக்கா நம்பர்ல இருந்து வந்ததைத் தொறந்து பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். பார்க்காமலே அப்படிச் சொல்வது என் பழக்கம். "பாத்துட்டா விரலைக் காட்டியிருக்கே?" என்றார். பிறகு குரலை இறக்கி, "மெர்சி மவுத்தாயிருச்சுப்பா" என்றார். காலையில் எழுந்து காபி போட்டவர் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாராம். தங்கை ரூபி, அக்காவின் போனை எடுத்து, அடக்க அறிவிப்பை எல்லாக் குழுவுக்கும் அனுப்பியிருக்கிறார். நான் அவசரமாக அந்த விரலை எடுத்தேன். எடுத்து என்ன பயன்? ரூபி அக்காவின் கையில்தானே அந்தப் போன் இருந்தது. அவர் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும் என்று இன்றுவரை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

‘பத்தாம் வரி’ இதழின் பழைய முகவரிப் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் இதைத் தபாலில் அனுப்புகிறேன். பாதிப் பேர் வீடு மாறியிருப்பீர்கள். சிலர் இருக்கிறீர்களா என்பதே எனக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன நடக்கும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

அக்காவை நேரில் பார்க்காமல் இதழை மட்டும் வாங்கியவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். அவர் பாளையங்கோட்டையில் கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவரை இழந்த தங்கையோடு ஒரே வீட்டில் இருந்தார். சதக்கு காக்கா துபாயில் வேலை பார்த்த காலத்தில், ஒவ்வொரு தடவை ஊர் வரும்போதும், டிவியில் பொருத்துகிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றோ இரண்டோ கொண்டு வருவார். ரப்பர் பொத்தான் வைத்தது. சாதாரண டேப் ரிக்கார்டரில் கேசட்டை ஓட்டினால், புரோகிராம் கீச்கீச்சென்று கத்திக்கொண்டே உள்ளே ஏறும். காக்கா விற்பார், நான் போய் டிவியில் மாட்டிக் கொடுப்பேன். அக்கா வீட்டுக்கு முதலில் போனது அப்படித்தான். உலகம் பெரிய கம்ப்யூட்டருக்குப் போனது, பிறகு போனுக்குப் போனது. எங்களில் சிலர் மட்டும் அந்த ரப்பர் பொத்தானை விட்டு வரவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் மனைவி இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அக்கா ஆரம்பித்த மாத இதழுக்குப் பெயர் ‘பத்தாம் வரி’. அந்த மெஷினில் புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். முதல் வரிக்குப் பத்து, அடுத்ததற்கு இருபது, பிறகு முப்பது என்று போவது வழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டால் என்ன என்று ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். "நடுவுல ஏதாவது விட்டுப்போனா அடுத்த ஆளு எழுத எடம் வேணும்லா" என்றார் அக்கா. இதழ் எட்டுப் பக்கம். கடைசிப் பக்கத்தில் நாம் மெஷினில் தட்டிப் பார்ப்பதற்கு ஒரு புரோகிராம் இருக்கும். அதற்கு முந்தின பக்கம் வாசகர் கடிதங்களுக்கு. ஆரம்பத்தில் நாற்பது பிரதிக்கு மேல் ஜெராக்ஸ் எடுத்து, தபால்தலை ஒட்டி, பஸ் ஏறி ஜங்ஷன் தபால் நிலையத்தில் போட்டுவிட்டு வருவார்.

அந்த வாசகர் பக்கத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கடிதம் வராத மாதங்களில் அக்கா அந்தப் பக்கத்தை எடுத்துவிடவில்லை. மேலே ‘வாசகர் பக்கம்’ என்று தலைப்பு, சுற்றிக் கட்டம், உள்ளே வெள்ளைத்தாள். வருஷத்தில் பத்து மாதம் அப்படித்தான் வந்தது. நான் ஒரு தடவை, மற்ற பத்திரிகைகளில் செய்கிற மாதிரி நாமே இரண்டு பெயர் போட்டு இரண்டு கடிதம் எழுதிவிட்டால் என்ன, அதைப் பார்த்து மற்றவர்களும் எழுத மாட்டார்களா என்று கேட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "முப்பது வருசம் கோர்ட்டுல சாட்சி வாக்குமூலம் அடிச்சிருக்கேன் தம்பி. சொல்லாததைச் சொன்னதா ஒருநாளும் அடிச்சதில்ல" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

ஒரு மாதம் கடிதம் வந்தது. அக்கா எனக்குப் போன் செய்து, "கணபதி, ஒரு கார்டு வந்திருக்கு" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். இதழ் வந்ததும் நான் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினேன். ‘ஐயா, நான் மகன் வீட்டோடு சென்னைக்குப் போகிறேன். இனிமேல் இதழ் அனுப்ப வேண்டாம்’ என்று இருந்தது. அக்கா பெண் என்பது கூட எழுதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதையும் மாற்றாமல் அப்படியே அச்சிட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நேரில் பார்த்தபோது, இதைப் போய்ப் போட்டிருக்கிறீர்களே என்றேன். அவர் சிரிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்காகவாவது ஒரு ஆள் கார்டு வாங்கி எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறாரே, மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லையே என்றார். அந்த மற்றவர்களில் நானும் ஒருவன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான்தான் அவரோடு பேசிக்கொண்டே இருக்கிறேனே, எனக்கு எதற்குக் கடிதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை அக்கா வீட்டில் கூடுவோம். கடைசிக் கூட்டத்துக்கு அவர் சர்ச்சில் சொல்லி பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து வட்டமாகப் போட்டிருந்தார். வந்தது மூன்று பேர். நானும் சதக்கு காக்காவும், அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பேங்க் ஓய்வூதியக்காரரும். சதக்கு காக்கா ஒரு கேசட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா கேட்டுக்கொண்டே எழுந்து ஒரு நாற்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றை எடுத்து அதன்மேல் அடுக்கினார். சத்தம் இல்லாமல், பைய. மத்தியானத்துக்குள் எட்டு நாற்காலி சுவரோரம் போய்விட்டது. நாங்கள் நாலு பேரும் முட்டி இடிக்கிற மாதிரி நெருங்கி உட்கார்ந்திருந்தோம். காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு பேசினால் பேச்சு எடுபடாது என்றார். சாயங்காலம் நான்தான் அவற்றைச் சர்ச்சுக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தபால் செலவுக்கு ஆள் குறைந்த பிறகு இதழ் வாட்ஸ்அப்புக்கு வந்தது. அக்காவையும் சேர்த்துக் குழுவில் ஏழு பேர். இனி பதில் எழுதுவது எல்லோருக்கும் சுலபம் என்று அக்கா நம்பினார். உண்மையில் பதில் எழுதாமல் இருப்பதுதான் சுலபமானது. முன்பு கடிதம் எழுதாதவனுக்கு மனதில் ஒரு சின்ன உறுத்தலாவது இருந்தது. இப்போது கட்டைவிரலைப் போட்டதும் அதுவும் தீர்ந்துபோனது. நான் முதல் ஆளாகப் போடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

இதழ் வாட்ஸ்அப்புக்கு வந்த முதல் வருஷம். கடைசிப் பக்கத்தில், ஒரு தேதியைக் கொடுத்தால் அது என்ன கிழமை என்று சொல்லும் புரோகிராம் வந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் உட்கார்ந்து தட்டினேன். ஆம், அப்போதெல்லாம் நான் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் கல்யாணத் தேதியைக் கொடுத்தேன், சரியாகச் சொன்னது. மகள் பிறந்த தேதியைக் கொடுத்தேன். அவள் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பிறந்தவள். மெஷின் சனிக்கிழமை என்றது. மறுபடி கொடுத்தேன், மறுபடியும் சனி. அரை மணி நேரம் தேடியதில் பிடிபட்டது. இந்தக் கணக்கில் ஜனவரியையும் பிப்ரவரியையும் முந்தின வருஷத்தோடு சேர்க்க வேண்டும். அதற்கான வரி புரோகிராமில் இல்லை. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நாற்பத்தைந்து என்று எண் கொடுத்து அந்த வரியை நானே எழுதினேன். வெள்ளிக்கிழமை வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்த சந்தோஷத்தை அக்காவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இத்தனை ஆள் விலகிப் போன பிறகும் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர். அவரிடம் போய், நீங்கள் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள் என்று சொல்வதா? நாலு நாள் கழித்து அவரே போன் செய்தார். "என்ன தம்பி, போட்டுப் பாத்தியா?" என்று கேட்டார். போட்டேன், அருமையாக ஓடுகிறது என்றேன். எல்லா மாதத்துக்கும் பார்த்தாயா என்றார். பார்த்தேன் என்றேன். கொஞ்சம் நிறுத்தி, "ஜனவரி, பிப்ரவரிக்கும் சரியா வருதா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் என் புத்தி எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஆகா, அக்காவுக்குத் தன் தவறு தெரிந்துவிட்டது, சங்கடப்படுகிறார், யாராவது கண்டுபிடித்துவிட்டார்களா என்று பைய நோட்டம் பார்க்கிறார், நாம் காட்டிக்கொள்ளக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "அதுவும் சரியா வருதுக்கா" என்றேன்.

"சரி தம்பி. சந்தோசம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எந்தப் புரோகிராமைப் பற்றியும் அவர் என்னிடம் கேட்டதில்லை. பெரிய சங்கடத்திலிருந்து அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகும் பிழைகள் வந்தன. வெள்ளம் வந்த வருஷத்தில், தாமிரபரணியில் தண்ணீர் ஏறுவதை நீலக் கட்டங்களாக டிவியில் காட்டும் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். தட்டி ஓட்டினால், தண்ணீர் பாலத்துக்கு மேலிருந்து கீழே இறங்கியது. ஒரு கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி. அதையும் திருத்தினேன், சொல்லவில்லை. அக்காவுக்கு வயதாகிறது, கண் சரியில்லை போலிருக்கிறது என்று மனைவியிடம் வருத்தப்பட்டுக்கொண்டேன். கோர்ட்டில் ஒரு எழுத்து தவறினால் அந்தத் தாளையே கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடித்தவர் அவர். அதை அவர் வாயாலேயே பல தடவை கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் மாதம் தவறாமல் ஒரு பிழை விடுவாரா என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. பிறகு கடையில் வேலை கூடியது. தட்டுவது குறைந்தது, நின்றது. கோப்பைத் திறப்பதும் நின்றது. விரல் மட்டும் நிற்கவில்லை.

செய்தி வந்த அன்று, கடையைப் பூட்டிவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்ததும் போனை எடுத்துக் குழுவை மேலே தள்ளிப் பார்த்தேன். அடக்க அறிவிப்புக்கு மேலே, மூன்று வாரத்துக்கு முன் அக்கா அனுப்பிய கடைசி இதழ் இருந்தது. அதன்கீழே ஆறு கட்டைவிரல். ஆறு பேரும் போட்டிருந்தோம். நான் அதைத் திறந்திருக்கவில்லை. இப்போது திறந்தேன். எட்டுப் பக்கம் இல்லை, ஒரே ஒரு பக்கம். அதில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

‘கடந்த ஆறு வருடங்களாக ஒவ்வொரு இதழின் புரோகிராமிலும் ஒரு வரியைத் தெரிந்தே தவறாக அச்சிட்டு வந்தேன், சில சமயம் ஒரு வரியை விட்டுவிட்டேன். தட்டிப் பார்த்த எவரும் அதைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே ஒருவரும் தட்டிப் பார்ப்பதில்லை என்று தெரிந்துகொண்டேன். யார் மீதும் வருத்தமில்லை. எல்லோருக்கும் வேலைகள் இருக்கின்றன. இத்துடன் இதழை நிறுத்திக்கொள்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் ‘படித்தேன்’ என்று ஒரு சொல் எழுதினால், அடுத்த மாதமும் இதழ் வரும்.’

கல்லிடைக்குறிச்சி தாண்டி, சேரன்மகாதேவி தாண்டி, பஸ் எங்கெங்கோ நின்று போனது. நான் அந்தப் பக்கத்தையும் அதற்குக் கீழே இருந்த ஆறு விரலையும் பார்த்துக்கொண்டே வந்தேன். ‘படித்தேன்’ என்று தட்டிவிடலாமா என்றுகூட ஒரு கணம் பைத்தியம் மாதிரி தோன்றியது. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்து, ஏதும் துஷ்டியா, யாரும் இறந்துட்டாங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அடக்கத்துக்குக் கோர்ட்டில் கூட வேலை பார்த்தவர்கள் வந்திருந்தார்கள், சர்ச் ஆட்கள் வந்திருந்தார்கள். எங்கள் குழுவிலிருந்து நானும் சதக்கு காக்காவும் மட்டும். கல்லறையிலிருந்து திரும்பி வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். அக்காவின் கடைசிப் பக்கத்தைக் காக்காவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அவரும் அதைத் திறந்திருக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும் கணபதி" என்றார். "வாய்ப்பாடு விளையாட்டு ஒண்ணு வந்துச்சே. சரியாச் சொன்னா திட்டும், தப்பாச் சொன்னா சபாஷ் போடும். திருத்தித்தான் விளையாடினேன். ஒரு பிள்ளை மெனக்கெட்டு நமக்காக எழுதுது, அதுல போய்க் குத்தம் சொல்லுதது அதபு இல்லன்னு பேசாம இருந்துட்டேன்." அதபு என்றால் அவர்கள் பேச்சில் மரியாதை. எழுபத்தைந்து வயதான காக்காவுக்கு அக்கா ஒரு பிள்ளை. எனக்கு அவர் மூத்தவர். நான் மூத்தவர் என்று சொல்லாமல் விட்டேன், அவர் பிள்ளை என்று சொல்லாமல் விட்டார்.

மறுநாள் மற்ற நாலு பேருக்கும் போன் செய்தேன். ஒருவர் ஐந்தாறு பிழைகளைத் திருத்தி, திருத்தியதைக் கேசட்டிலும் பதிந்து வைத்திருந்தார். இன்னொருவர் இரண்டைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். மூன்றாமவர், தட்டிப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது என்று உண்மையைச் சொன்னார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. நாலாமவர் அம்பாசமுத்திரத்துப் பேங்க்காரர். எந்தப் புரோகிராம் போட்டாலும் கோளாறாக வந்ததால், தன் மெஷின்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டாராம். "நாந்தான் சரியா அடிக்கலியோன்னு நாலு நாளு ஒக்காந்து பாத்தேன் வே" என்றார்.

எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. அதை மறைத்துக்கொண்டு நினைவஞ்சலி எழுத எனக்குத் தெரியவில்லை. பரீட்சை வைக்கிறவர் பரீட்சை என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும். கணபதி, நீ நிஜமாகவே போட்டாயா என்று முகத்துக்கு நேரே ஒரு தடவை கேட்டிருந்தால், நாற்பத்தைந்தாம் வரியைப் பற்றி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். ஒரு மனிதரின் மெஷின் பழைய இரும்புக்குப் போயிருக்காது. ஆறு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தது அவர் வீம்பு. இப்படியெல்லாம் ஒரு நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து பொருமினேன். சாயங்காலம் ஆனபோதுதான் ஒன்று உறைத்தது. அவர் கேட்டார். ஜனவரி, பிப்ரவரிக்கும் சரியாக வருகிறதா என்று, வேறு எப்படியும் பதில் சொல்ல முடியாத மாதிரிதான் கேட்டார். நான் பொய் சொன்னேன். போட்டும் போட்டேன், போடாதவன் சொல்கிற பதிலையும் சொன்னேன்.

எட்டாம் நாள் ரூபி அக்காவைப் பார்க்கப் போனேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆறு பேரில் நாலு பேர் பிழைகளைக் கண்டுபிடித்தோம், சங்கடப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிட்டோம், அக்கா நினைத்த மாதிரி யாரும் படிக்காமல் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். எந்த இதழில் எந்த வரி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதையும் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை அவ இருக்கும்போது சொல்லிருக்கலாம்லா தம்பி" என்றார்.

திட்டவில்லை. பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை. கடைசிப் பக்கத்தை அனுப்பிய அன்று அக்கா எப்படி இருந்தார் என்று கேட்டேன். அன்று முழுக்கப் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தாராம். சாயங்காலம், "ஆறு பேரும் விரலைக் காட்டிட்டாங்க ரூபி" என்று சொல்லிச் சிரித்தாராம். பிறகு இரண்டு பேருக்கும் தோசை வார்த்தாராம்.

"நிப்பாட்டிட்டேன்னு சொன்னாளே ஒழிய, மறுநாளே ஒக்காந்து என்னத்தையோ அடிக்கா. யாருக்குன்னு கேட்டேன். சும்மாதான்னு சொல்லிட்டா" என்று சொல்லி, உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தார். டைப்ரைட்டரில் அடித்த புரோகிராம். பத்தில் தொடங்கி இருநூற்று இருபது வரை, இருபத்திரண்டு வரி. இது உனக்குத்தான் புரியும், நீ வைத்துக்கொள் என்று கொடுத்தார்.

மறுநாள் கடையில் பழைய டிவியைத் துடைத்து, மெஷினை மாட்டி, அந்த இருபத்திரண்டு வரியையும் தட்டினேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! ஒரு மீன் திரையின் இடது ஓரத்தில் தோன்றி, வாலை ஆட்டிக்கொண்டு வலது ஓரத்துக்குப் போகிறது. மறைகிறது. மறுபடி இடது ஓரத்தில் வருகிறது. அவ்வளவுதான் புரோகிராம்.

நான் பிழையைத் தேடினேன். ஒரு பிழையாவது கிடைத்துவிட வேண்டும், அதை எழுதி எடுத்துக்கொண்டு ரூபி அக்காவிடம் போய், இதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று இந்த ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. மீன் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும் என்று பார்த்தேன், மாட்டவில்லை. நூறு தடவை போன பிறகு தடுமாறும் என்று பார்த்தேன், தடுமாறவில்லை. வரிவரியாகச் சதக்கு காக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன், அவரும் தன் மெஷினில் தட்டினார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, "ஒண்ணும் இல்ல கணபதி. சுத்தமா இருக்கு" என்றார்.

அந்தத் தாளின் நகலை உங்களுக்கும் இத்துடன் வைத்திருக்கிறேன். மெஷின் வைத்திருப்பவர்கள் தட்டிப் பாருங்கள். பிழை கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். நம்மில் யாராவது தேடுவார்கள் என்ற நம்பிக்கை இருந்த வரைக்கும்தான் அக்கா பிழை வைத்தார். ஒரிஜினல் தாள் என் கடை மேசை இழுப்பறையில் இருக்கிறது. முப்பது வருஷப் பழக்கத்தில் மெர்சி அக்காவிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அதுதான், நம் யாரையும் எதிர்பார்க்காமல் அவர் எழுதிய ஒரே பக்கம்.